கிடாவும் குதிகாலும்

வெள்ளைத்துரையின் குதிகாலில் வெடி வெடித்த கதை ஆமத்தூர்ப் பக்கம் தெரியாதவர் கிடையாது. தெரியாது என்று யாராவது சொன்னால், நேற்று அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த பெண்ணாக இருக்க வேண்டும். அவளுக்கும் இந்நேரம் மாமியார் சொல்லி முடித்திருப்பாள். ஆனால் ஊர்க்காரர்கள் கதையைப் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். நன்றாகச் சிரிப்பு வந்த இடத்தில் எழுந்து போய்விடுவது அவர்கள் பழக்கம். மீதியை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளைத்துரை ஒரு பட்டாசுக் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். நாற்பதை நெருங்குகிற வயது. பகல் முழுக்கப் பெட்டி தூக்குவான். அது போதாதென்று சாயங்காலம் சிவகாசிக்குப் பஸ் ஏறிப் போய், ஜிம்மில் இரும்பு தூக்குவான். “சம்பளத்துக்குத் தூக்குறவுகளைப் பாத்திருக்கேன். காசு குடுத்துத் தூக்குறவுகளை இந்த வீட்டுலேதான் பாக்கேன்” என்று அவன் பெண்டாட்டி பாண்டிச்செல்வி தலையில் அடித்துக்கொள்வாள். தூக்கியது வீண் போகவில்லை. நெஞ்சு கதவு அகலத்துக்கு விரிந்திருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டால் தையல் விட்டுப்போகும். இடுப்புக்குக் கீழே மட்டும் ஆண்டவன் கொடுத்தது கொடுத்தபடியே இருந்தது. வேட்டி கட்டுகிற ஊரில் காலை எவன் பார்க்கப் போகிறான் என்று அந்தப் பக்கமே அவன் திரும்பவில்லை.

அந்தக் காலே அவனை ஒரு நாள் திரும்பிப் பார்க்க வைத்தது.

புரட்டாசி மாதம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. லாரியில் கடைசி வரிசை. தலையில் பெட்டியோடு நின்ற வெள்ளைத்துரை, அதை மேலே தள்ளுவதற்காக இடது கால் நுனியில் ஊன்றி ஓர் எம்பு எம்பினான். டொப் என்று ஒரு சத்தம்.

பட்டாசுக் கம்பெனியில் சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கையில் இருப்பதைப் போடாதே, மெதுவாகக் கீழே வை. வைத்ததும் ஓடு. திரும்பிப் பார்க்காதே. அத்தனை பேரும் அதை அப்படியே செய்தார்கள். பெட்டிகள் பூப்போல இறங்கின. ஆட்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றார்கள். வெள்ளைத்துரையும் முதல் பாதியை ஒழுங்காகத்தான் செய்தான். சரிந்து விழும்போதுகூடத் தலையில் இருந்த பெட்டியை மடியில் வாங்கி, சத்தமில்லாமல் தரையில் வைத்தான். ஓடத்தான் முடியவில்லை. எவனோ பின்னாலிருந்து குதிகாலில் ஓங்கி மிதித்தது போல இருந்தது.

திரும்பிப் பார்த்தால் கருத்தப்பாண்டி ஓடிக்கொண்டிருக்கிறான். அவனும் லோடுமேன்தான். வெள்ளைத்துரையின் தங்கை பொன்மணிக்குக் கொழுந்தன், அவள் புருசன் வீட்டுப் பங்காளி. வெள்ளைத்துரை படுத்தபடியே கையை நீட்டி அவன் காலைப் பிடித்தான்.

“ஏலே, எதுக்குலே மிதிச்சே?”

“நான் எங்க மச்சான் மிதிச்சேன்? விடும், வெடிக்குது!”

“மிதிச்சிட்டு ஓடவா பாக்கே?” என்று கேட்டு, வெள்ளைத்துரை அவன் கெண்டைக்காலில் இரண்டு அறை விட்டான். அத்தோடு நிற்காமல் அவன் வம்சத்தையே இழுத்து வைத்து ஏசினான். ஏசி முடித்த பிறகுதான் அந்த வம்சத்தில் தன் தங்கையும் வாக்கப்பட்டிருப்பது நினைவுக்கு வந்தது. வேப்பமரத்தடியில் நின்ற கம்பெனி முழுக்க அதைக் கேட்டது.

போர்மேன் நாகையா ஒவ்வொரு ரூமாகத் தேடினார். புகை இல்லை, மருந்து வாடை இல்லை. எங்கேதான் வெடித்தது என்று யாருக்கும் புரியவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஓடுகிற தடித்த நரம்பு அறுந்துவிட்டது; அது அறுகிறபோது வெடி போட்டாற்போலச் சத்தம் கேட்கும். “யாரோ பின்னாலிருந்து மிதிச்ச மாதிரி இருந்ததா?” என்று வேறு கேட்டார். “எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க. திரும்பிப் பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க.”

வெள்ளைத்துரை திரும்பிப் பார்த்தபோது ஓர் ஆள் இருந்தான். அதுதான் வினை. அவன் மேலே ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற பாண்டிச்செல்வி அவனைப் பார்த்தாள். டாக்டர் சொன்ன இந்த ஒரு சேதி மட்டும் ஆமத்தூர் வந்து சேரவில்லை.

மற்றதெல்லாம் அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து மாவுக்கட்டோடு வந்து இறங்கியபோது அவனுக்கு ஒத்தவெடி என்று பெயர் வைத்து முடித்திருந்தார்கள்.

இதில் கிடா எங்கே வந்தது என்றால், கால் போவதற்கு முன்பே வந்துவிட்டது. பொன்மணியின் மகன் முனியராஜுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் அவர்கள் குலதெய்வம் அய்யனார் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் கிடா கொண்டுவர வேண்டும். அதற்காக ஆடி மாதமே வெள்ளைத்துரை ஒரு குட்டியைப் பிடித்து, மஞ்சத்தண்ணி தெளித்து நேர்ந்துவிட்டான். கையில் தூக்கினால் பூனைக்குட்டி கனம். தையில் விசேஷம்.

அந்த வீட்டு வழக்கம் கொஞ்சம் கறாரானது. மெயின் ரோட்டில் இறங்கினதிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் தாய்மாமன் கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு வர வேண்டும். நடுவில் அதன் குளம்பு தரையில் படக்கூடாது. நேர்ந்துவிட்ட கிடாவை மாற்றவும் கூடாது. தையில் வெள்ளைத்துரைக்கு மாவுக்கட்டு. விசேஷத்தை வைகாசிக்குத் தள்ளினார்கள். வைகாசியில் அவன் தாங்கித் தாங்கி நடந்தான். ஆவணிக்குத் தள்ளினார்கள். அதற்கு மேல் தள்ளினால் சீசன் வந்துவிடும், ஒருத்தருக்கும் லீவு கிடைக்காது.

விசேஷம்தான் தள்ளிப்போனதே தவிர, கிடா எதற்காகவும் காத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. வெள்ளைத்துரையின் இடது கால் மெலிந்து முருங்கைக்காய் போலத் தொங்க, கிடா தொடை பெருத்து, கொம்பு முளைத்து, கொட்டகையில் ராசா மாதிரி நின்றது. ஆபரேஷன் செய்த அன்றைக்கும் இன்றைக்கும் யார் தேறியிருக்கிறார்கள் என்று கேட்டால் ஊரே கிடாவைத்தான் காட்டும்.

பொன்மணியின் மாமியார் ராமுத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். கருத்தப்பாண்டியை ஏசியதில் வம்சம் முழுக்க நனைந்த கோபம் அவளுக்கு இன்னும் காயவில்லை. “தாய்மாமன் கிடாவைத் தூக்கிட்டு வருவானா, இல்ல கிடா மேலே ஏறி வருவானா?” என்று தெருவில் நின்று கேட்டாள்.

அன்றைக்குப் பொன்மணி போன் செய்தாள்.

“அண்ணே, முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. கருத்தப்பாண்டி கொழுந்தன் நான் தூக்குதேன்னு நிக்காரு. தூக்கிருவாரு. ஆனா அண்ணே, அப்பன் இல்லாதவ, அண்ணனும் ஒப்புக்குத்தான் இருக்கான்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக. என்னாலே அதைக் கேட்டுக்கிட்டு இந்த வீட்டுலே சோறு திங்க முடியாது.”

“நான் தூக்குவேன் தாயி.”

“கால்?”

“காலும் வரும்” என்றான். சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் குனிந்து இடது காலைப் பார்த்தான். வாக்குக் கொடுத்தாயிற்று, அந்தக் காலின் மேல்தான் அவனுக்கு நம்பிக்கை இல்லை.

சிவகாசியில் அவன் வழக்கமாகப் போகிற ஜிம், லட்சுமிகாந்தம் என்பவரின் அச்சகத்து மாடியில் இருந்தது. கீழே காலண்டர் ஓடும். மேலே இரும்பு ஓடும். ஜிம்மைப் பார்த்துக்கொண்டவள் அவர் மகள் ஆர்த்தி. பிசியோதெரபி படித்தவள். வெள்ளைத்துரை ஊன்றுகோலோடு படியேறி வந்து விவரத்தைச் சொன்னபோது, அவள் முதலில் கேட்டது கிடாவின் எடையை.

“இப்போதைக்கு முப்பது கிலோ இருக்கும் டாக்டரம்மா. ஆவணியிலே எம்புட்டு இருக்கும்னு அது பாடு.”

“சரி அண்ணாச்சி. இத்தனை வருசமா மாடி மட்டும் கட்டியிருக்கீங்க. இனி அஸ்திவாரம் தோண்டுவோம்.”

நெஞ்சுக்கும் கைக்கும் உண்டான இரும்பு பக்கமே அவள் அவனை விடவில்லை. படிக்கட்டு விளிம்பில் நிற்க வைத்து, குதிகாலைத் தூக்கு, இறக்கு, தூக்கு, இறக்கு என்று உயிரை வாங்கினாள். தூக்குவதைவிட இறக்குவதில்தான் நரம்புக்குப் பலம் ஏறும், ஆகையால் மெதுவாக இறக்க வேண்டும் என்றாள். அது ஒன்று மட்டும் அவனுக்குக் கைவந்த கலையாக இருந்தது. பட்டாசுப் பெட்டியைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தே பிழைத்தவன் அவன். பதினெட்டு வயதுப் பையன்கள் தூக்கியதை டமால் என்று கீழே போடுகிற இடத்தில், இவன் குதிகால் தரையைத் தொடுவது இவனுக்கே தெரியாது.

மற்றபடி அவன் ஜிம்முக்கு ஒரு தொல்லையாகவே இருந்தான். கம்பெனிப் பழக்கத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவான். ஷூ போடு என்றால் கூச்சப்படுவான். கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் போகும் முன் உடம்பில் இருக்கும் கரண்ட்டை இறக்க வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொடுவார்கள். அதே ஞாபகத்தில் ஜிம் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். அதைப் பார்த்த இரண்டு பேர், ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்துத் தாங்களும் தாழ்ப்பாளைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். யாராவது இரும்பைக் கீழே போட்டால் போதும், இவன் ஒற்றைக் காலில் தத்தித் தத்தி மாடிப்படி வரைக்கும் போய்விடுவான்.

வீட்டில் வேறொரு யுத்தம் நடந்தது. காலுக்குப் பலம் ஏறுகிற வேகத்தைவிடக் கிடாவுக்குச் சதை ஏறுகிற வேகம் அதிகம் என்பதை வெள்ளைத்துரை கண்டுகொண்டான். பாண்டிச்செல்வி கட்டித் தொங்கவிடும் அகத்திக்கீரையில் பாதியை எடுத்துப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட ஆரம்பித்தான். இரண்டு நாளில் பிடிபட்டான்.

“என்ன செய்தீக?”

“அதுக்குக் கொஞ்சம் எடை குறையணும் செல்வி. டயட்டு.”

“டயட்டா? நோஞ்சான் கிடாவைச் சீரு கொண்டுபோனா ராமுத்தாய் அத்தை என்னைத்தான் கேப்பாக, தீனி போடத் துப்பில்லையான்னு. நீங்க தேறுங்க. அதை எதுக்கு இளைக்க வைக்கீக?”

அன்றிலிருந்து அவள் போட்டிக்குக் கம்பும் பருத்திக்கொட்டையும் சேர்த்து வைத்தாள். புருசன் தோற்றுவிடக் கூடாது, கிடாவும் மெலிந்துவிடக் கூடாது என்பது அவள் கட்சி. இரண்டுக்கும் நடுவில் சிக்கியது அவன் குதிகால்தான்.

ஆடி பிறந்ததும் ஆர்த்தி அவன் தோளில் மணல் மூட்டையை ஏற்றினாள். மூட்டையோடு நடந்தான், படியேறினான், இறங்கினான். முட்டிக்குக் கீழே கொஞ்சம் சதை திரண்டது. அதை வேட்டியை மடித்துக் கட்டி எல்லோருக்கும் காட்டினான். ஆனால் மணல் மூட்டை உதைக்காது, கிடா உதைக்கும். ஆகையால் ஒரு தடவை கிடாவையே ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஜிம்முக்குக் கொண்டுபோனான். தோளில் போட்டுப் பார்த்ததெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், கிடா தானாகப் படியிறங்கி அச்சகத்துக்குள் போய்விட்டது. லட்சுமிகாந்தம் பார்த்தபோது அது அடுத்த வருஷத்துக் காலண்டரில் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் தின்று முடித்து, ஏப்ரலை வாயில் வைத்திருந்தது. “அய்யா, ஆர்டர் கொடுத்தவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?” என்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆர்த்தி சிரித்த சிரிப்பில் அவருக்கு அவள் மேலும் கோபம்.

எல்லாம் கூடி வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. வலது காலைத் தூக்கிக்கொண்டு, இடது காலில் மட்டும் நின்று, குதிகாலை உயர்த்த வேண்டும். நரம்பு பழையபடி ஆகிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி என்றாள் ஆர்த்தி. வெள்ளைத்துரை நிற்பான். முன்பாதத்தில் ஊன்றுவான். பாரம் முழுக்க அந்தக் காலுக்கு வருகிற நேரத்தில் அவன் காதுக்குள் டொப் என்று கேட்கும். உடனே வலது காலைக் கீழே போட்டுக் குனிந்து குதிகாலைப் பிடித்துக்கொள்வான்.

“நரம்பு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மூட்டையோட நடக்கிறீங்க, இதையும் அது தாங்கும். நீங்கதான் நம்ப மாட்டேங்கிறீங்க.”

“நம்பித்தானே டாக்டரம்மா அன்னைக்கு எம்புனேன்” என்றான் அவன். அவள் மறுபடியும் படிக்கட்டு விளிம்பைக் காட்டினாள்.

பயம் ஜிம்மோடு நிற்கவில்லை. அவன் பிழைப்பு நடத்துகிற மண்ணில் நாளெல்லாம் எங்காவது ஏதாவது வெடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு டொப்புக்கும் அவன் கை குதிகாலுக்குப் போகும். டீக்கடையில் இதைக் கண்டுகொண்டவர்கள் வேண்டுமென்றே பேப்பர் கப்பைக் கவிழ்த்து மிதித்து உடைத்தார்கள். அவன் குனிந்தான். அவர்கள் சிரித்தார்கள். அவனும் கூடவே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான். கதவு அகலத்துக்கு நெஞ்சு இருந்து என்ன செய்ய, அதற்குள் இருந்தது சுண்டெலி என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

பாண்டிச்செல்வி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், சீர் ஊர்வலத்துக்குச் சரவெடி வாங்கப் போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, வெடி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

முகூர்த்தத்தன்று மெயின் ரோட்டில் வேன்கள் வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. மதுரையிலிருந்து வந்த மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். கோயில் வாசலில் பலூன் ஆர்ச் கட்டி, பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஏற்பாடு கருத்தப்பாண்டியுடையது என்பதை அதைப் படித்ததுமே தெரிந்துகொள்ளலாம். ‘தாய்மாமன் ஒத்தவெடி வெள்ளைத்துரை அவர்களே, வருக வருக!’

எதிர்கொண்டு அழைக்க வந்த ராமுத்தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“ஏம் பாண்டிச்செல்வி, பட்டாசுக் கம்பெனிக்காரன் கொண்டார சீரு. ஒரு ஓலைவெடிக்குக்கூடவா வக்கில்லாமப் போச்சு?”

“சுத்திக் காடு காஞ்சு கெடக்கு அத்தை. பொறி பறந்தா வம்பு” என்றாள் பாண்டிச்செல்வி, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

காடு காயவில்லை என்பது வெள்ளைத்துரைக்குத் தெரியும். முந்தாநாள்தான் மழை பெய்திருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை. தனக்காகப் பொய் சொல்லி ஏச்சு வாங்குகிறாளே என்று இருந்தது. குனிந்து கிடாவின் முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்துப் பிடித்து, ஒரே தூக்கில் தோளில் போட்டுக்கொண்டான்.

மேளம் முழங்கியது. நடந்தான். பின்னால் பெண்கள் சீர்த்தட்டுகளோடு வந்தார்கள். கிடா ஒரு தரம் உதறிப் பார்த்தது. பிறகு ஜிம்மில் பழகிய தோள்தானே என்று சாவகாசமாக அசைபோட ஆரம்பித்தது. கருத்தப்பாண்டி நாலடி பின்னால், எந்த நேரத்திலும் கிடாவை வாங்கிக்கொள்ளத் தயாராகக் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தான். அந்தக் கை தேய்க்கிற சத்தமே வெள்ளைத்துரையை வேகமாக நடக்க வைத்தது. கோயில் முகப்பு தெரிந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற பொன்மணியின் முகம் தெரிந்தது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பத்தடி கிடக்கிறது என்கிற இடத்தில் பலூன் ஆர்ச் வந்தது.

ஆர்ச் கட்டியவன் மனிதர்களின் உயரத்துக்குக் கட்டியிருந்தான். தோளில் கிடாவோடு ஒருவன் வருவான், அந்தக் கிடாவுக்குக் கொம்பு இருக்கும் என்பதையெல்லாம் அவன் யோசிக்கவில்லை.

டொப்.

வந்திருந்த கூட்டம் யார்? முக்கால்வாசி பட்டாசுக் கம்பெனி ஆட்கள், மீதி தீப்பெட்டி ஆபீஸ். யோசிக்க நேரமே எடுக்கவில்லை. சீர்த்தட்டுகள் எல்லாம் சத்தமில்லாமல் ரோட்டில் இறங்கின. பழம் ஒன்று உருளவில்லை, தேங்காய் ஒன்று சாயவில்லை. தட்டை வைத்த கையோடு ஆணும் பெண்ணும் காட்டைப் பார்த்து ஓடினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. பொன்மணி ஆரத்தியைக் கீழே வைத்து மகனை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினாள். பாண்டிச்செல்வியும் ஓடினாள். எல்லோருக்கும் முன்னால், சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, ராமுத்தாய் ஓடினாள். மேளக்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. இந்த ஊர் வழக்கம் போல என்று நினைத்து, இன்னும் பலமாக வாசித்தார்கள்.

நடுரோட்டில் வெள்ளைத்துரை வலது காலில் நின்றான். இடது கால் அந்தரத்தில் தொங்கியது. தோளில் கிடா. குனிந்து குதிகாலைத் தொடவும் முடியாது, கிடாவைக் கீழே வைக்கவும் முடியாது. போச்சு, மறுபடியும் போச்சு என்று மனம் அடித்துக்கொண்டது. வலிக்கிறதா இல்லையா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மெதுவாகத் தலையை மட்டும் திருப்பினான்.

ரோட்டில் இன்னும் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தான். கருத்தப்பாண்டி. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, சிலை மாதிரி நின்றிருந்தான்.

“நான் மிதிக்கலே!” என்று கத்தினான். “சாமி சத்தியமா நான் மிதிக்கலே! நாலடி தள்ளித்தான் நிக்கேன்!”

“நீ ஏம்லே ஓடலே?”

“ஓடுனா மிதிச்சிட்டு ஓடுதாம்பீரு. அன்னைக்கு ஓடுனதுக்குத்தானே ஊர் பூரா என்னைக் கால் மிதிச்சவன்னு சொல்லுது. வெடிச்சுச் செத்தாலும் சரின்னு நிக்கேன்.”

வெள்ளைத்துரை கிடாவின் கால்களை இறுக்கிப் பிடித்தான். கிடா அவன் காதை முகர்ந்தது.

“மாப்ளே, கிட்ட வந்து என் குதிகாலைப் பாரு. நரம்பு கெடக்கா, போச்சான்னு.”

“மாட்டேன். கிட்ட வந்தா பழி வரும்.”

“அன்னைக்கும் நீ மிதிக்கலேலே” என்றான் வெள்ளைத்துரை. அதைச் சொல்லக் கிடாவைத் தூக்கியதைவிட அதிக பலம் தேவைப்பட்டது. “நரம்பு அறுந்தா மிதிச்ச மாதிரித்தான் இருக்குமாம். டாக்டரு சொன்னாரு.”

“எப்போ சொன்னாரு?”

“அன்னைக்கே.”

கருத்தப்பாண்டியின் கைகள் மெதுவாக இறங்கின.

“அன்னைக்கேவா? புரட்டாசியிலேயா? இப்போ ஆவணி மச்சான்!”

“தெரியும்லே. தப்புத்தான். எப்படிச் சொல்லன்னு தெரியாமக் கெடந்தேன். இப்போ காலைப் பாரு மாப்ளே, என் தங்கச்சி காட்டுக்குள்ள நிக்கா. அவ வரும்போது நான் கிடாவோட விழுந்து கெடக்கக் கூடாது.”

கருத்தப்பாண்டி அவனை முறைத்தான். கொஞ்ச நேரம் நன்றாகவே முறைத்தான். பிறகு வந்து, ரோட்டில் குத்தவைத்து, தொங்குகிற காலைக் கையில் பிடித்து, கணுவுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

“கெடக்கு. கயிறு மாதிரி கெடக்கு. வெடிச்சது பலூனு. உம்ம கிடா குத்திருக்கு.”

“நெசமாவா?”

“காலை ஊனும்.”

ஊன்றினான்.

“அந்த ஒத்தக்கால்லே எம்பி நில்லும், பாப்போம். சரியாத் தெரியலே.”

வெள்ளைத்துரை வலது காலைத் தரையிலிருந்து எடுத்தான். கிடாவின் கனமும் தன் கனமும் மொத்தமாக இடது காலுக்கு வந்தன. காதுக்குள் அந்தச் சத்தம் வரும் என்று காத்திருந்தான். மேளச் சத்தம்தான் கேட்டது. முன்பாதத்தை அழுத்தினான். குதிகால் தரையை விட்டது. ஒரு விரல் உயரம், இரண்டு விரல் உயரம். முட்டிக்குக் கீழே சதை நடுங்கியது. அதற்குமேலும் ஏறினான். ஜிம்மில் ஒரு நாள்கூட ஏறாத உயரத்துக்கு, நடுரோட்டில், தோளில் கிடாவோடு ஏறி நின்றான்.

“நிக்குது மச்சான்!” கீழேயிருந்து கருத்தப்பாண்டி கத்தினான். “நரம்பு வெடைச்சிக்கிட்டு நிக்குது!”

வேலிக்கருவை மறைவிலிருந்து ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. ஒற்றைக் காலில் உயர்ந்து நிற்கிற தாய்மாமனைக் கண்டதும் மேளக்காரர்கள் அதை ஆட்டம் என்றே முடிவு செய்து அடியை மாற்றினார்கள். யாரோ விசிலடித்தார்கள். வெள்ளைத்துரை எதையும் பார்க்கவில்லை. ஏறியது பெரிதில்லை, இறங்க வேண்டும். பெட்டி இறக்குகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினான். குதிகால் தரையைத் தொட்டது யாருக்கும் கேட்கவில்லை.

பொன்மணி மகனை இடுப்பில் வைத்தபடி ஓடிவந்தாள். அழுகையும் சிரிப்புமாக ஆரத்தி எடுத்தாள். எடுத்த வேகத்தில் பாதி ஆரத்தி கிடாவின் முகத்தில் கொட்டியது. அவன் இந்தத் தடவை நன்றாகக் குனிந்து ஆர்ச்சுக்குள் நுழைந்து, கோயில் வாசலில் கிடாவைச் சத்தமில்லாமல் இறக்கினான். மூச்சு வாங்கிக்கொண்டே வந்த ராமுத்தாய்க்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் சேலை இன்னும் முழங்காலில் செருகியிருந்தது. அதைச் சரி செய்வதிலேயே அவளுக்கு நேரம் போய்விட்டது.

காது குத்தும்போது முனியராஜ் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, அவன் கையில் நறுக்கென்று கடித்தான். அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான் வெள்ளைத்துரை.

மத்தியானம் பந்தி. கறிச்சோறு. வெள்ளைத்துரை ரசத்தோடு எழுந்துவிட்டான். இத்தனை நாள் வளர்த்து, தோளில் சுமந்ததை வயிற்றில் போட அவனுக்கு மனம் வரவில்லை. பாண்டிச்செல்வி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். தீனி போட்டவள் அவளாயிற்றே. கருத்தப்பாண்டி கை கழுவிவிட்டு வந்து அவன் முன்னால் நின்றான்.

“ஏசுனது எல்லார் முன்னாலேயும். இல்லைன்னு சொன்னது மட்டும் எனக்கும் கிடாவுக்கும். கிடாவும் போய்ச் சேந்திருச்சு. இது ஞாயமா மச்சான்?”

வெள்ளைத்துரை எழுந்தான். மொய் வாசித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் மைக்கைக் கையில் வாங்கினான். வேலை செய்கிறதா என்று பார்க்க விரலால் ஒரு தட்டுத் தட்டினான்.

இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும் டொப் என்று கேட்டது. பந்தியில் பாதிப் பேர் இலையை விட்டு எழுந்து நின்றார்கள். ராமுத்தாயின் கை சேலைக் கொசுவத்துக்குப் போனது. பாண்டிச்செல்வி மட்டும் புருசனின் கையைப் பார்த்தாள். அது குதிகாலுக்குப் போகவில்லை. மைக்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தது.

“உக்காருங்க, உக்காருங்க, ஒண்ணும் வெடிக்கலே” என்றான் வெள்ளைத்துரை, இரண்டு காலையும் அழுந்த ஊன்றிக்கொண்டு. “நம்ம கருத்தப்பாண்டி மாப்ளே என் காலை மிதிக்கலே. அன்னைக்கும் மிதிக்கலே, இன்னைக்கும் மிதிக்கலே. நான்தான் அவரை ஏசிப்புட்டேன். எல்லாரும் கேட்டுக்கோங்க.”